நெட்வொர்க் கார்டு மணி கேட்ட படலம்

செங்-யுவான் கம்பெனியின் நெட்வொர்க் கார்டு உலகத்தில் உள்ள எல்லா லேப்டாப்பிலும் வேலை செய்தது, செங்-யுவான் கம்பெனியின் லேப்டாப்பைத் தவிர. ஜப்பான்காரன் லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் செருகினால் 'டிங், டிங்' என்று இரண்டு முறை சந்தோஷமாகக் குரல் கொடுக்கும். அமெரிக்காக்காரனுடையதிலும் அப்படியே. சொந்த வீட்டு லேப்டாப்பில் செருகினால் மட்டும் முதலில் ஒரு டிங், அப்புறம் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோல ஒரு டொங். கூடவே திரையில் ஒரு வாசகம்: 'இந்தச் சாதனத்துக்கு ஒதுக்க வளம் மீதமில்லை. இது வேண்டுமானால் வேறு ஒன்றை முடக்கவும்.'

இந்த டொங்குக்குப் பொறுப்பாளி ஃபான் மிங்-தெ. தைவானின் ஷின்ஜூ அறிவியல் பூங்காவில் ஆறாம் மாடியில், கழிப்பறைக்கும் பழைய பெட்டிகள் அடுக்கிய அறைக்கும் நடுவே இருந்த கார்டுப் பிரிவின் தலைவர். பிரிவில் அவரைத் தவிர இருந்தது பெய்-யூன் என்ற பெண் மட்டும்தான். எனவே தலைவர் என்பதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வருஷம் ராப்பகலாக உட்கார்ந்து அந்த கார்டை வடிவமைத்தவர் அவர். 1996 முடியும் நேரத்தில் கம்பெனித் தலைவர் ஷென் அவரைக் கூப்பிட்டு ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஃபான், நம்ம கார்டு நம்ம லேப்டாப்புலயே ஓடலன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். வருஷக் கடைசி விருந்துக்குள்ள ஓட வை. இல்லன்னா கார்டுப் பிரிவை இழுத்து மூடிட்டு, நீயும் அந்தப் பொண்ணும் புது வருஷத்தை வீட்டுலயே கொண்டாடுங்க."

மிங்-தெவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த கார்டைத் தவிர வாழ்க்கையில் அவர் உருப்படியாகச் செய்தது எதுவும் இல்லை என்பது அவருடைய மனைவியின் கருத்து. அவருடைய கருத்தும் அதுதான். ஆகவே பயந்துபோனார்.

கோளாறு கார்டில் இல்லை. லேப்டாப்புக்குள் மூளை என்று ஒரு சில்லு இருக்கிறது. அது எப்போதும் தன் வேலையிலேயே முழுகிக் கிடக்கும். மணி அடித்துக் கூப்பிட்டால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும். விசைப்பலகைக்கு ஒரு மணி, கடிகாரத்துக்கு ஒரு மணி, டிஸ்க்குக்கு ஒரு மணி என்று மொத்தம் பதினாறு மணிகள். இந்தக் கணக்கைப் போட்ட மகானுபாவர்களுக்குப் பதினாறு என்பது ஊருக்கே போதும் என்று தோன்றியிருக்கிறது. ஒரே மணியை இரண்டு பேர் இழுத்தால் மூளை குழம்பி அப்படியே நின்றுவிடும். அதனால் ஆளுக்கு ஒன்று.

காலையில் இயந்திரத்தை எழுப்பியதும் உள்ளே இருக்கும் இயக்க அமைப்பு வரிசையாகக் கேட்டுக்கொண்டு வரும்: உனக்கு எந்த மணி? 'எனக்கு ஏழுதான், மற்றதைத் தொடவே மாட்டேன்' என்று அடம்பிடிக்கிறவருக்கு ஏழு. 'ஐந்து இல்லாவிட்டால் பாட மாட்டேன்' என்கிற ஒலிச்சில்லுக்கு ஐந்து. கடைசியாக வந்து நிற்கும் கார்டு மட்டும் நல்ல பிள்ளையாக 'எதைக் கொடுத்தாலும் சரி' என்று சொல்லும். எதைக் கொடுத்தாலும் சரி என்கிறவருக்கு உலகம் என்ன கொடுக்கும் என்பது நமக்குத் தெரியும்.

யாருக்கு எந்த மணி என்று தொழிற்சாலையிலேயே அட்டவணை போட்டு லேப்டாப்புக்குள் ஏற்றிவிடுவது வளப் பங்கீட்டு அலுவலகம். அதன் தலைவி தெங் அம்மையாரை எல்லோரும் தெங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாசத்தினால் அல்ல. மிங்-தெ பால் தேநீர் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார்.

"அக்கா, என் கார்டுக்கு ஒரே ஒரு மணி வேணும். எந்த நம்பரா இருந்தாலும் பரவாயில்ல."

"ஐயோ தம்பி, இதைக் கேக்க நீங்க வரணுமா? மணிக்கு இங்க பஞ்சமே இல்ல. பதினாறு இருக்கு. காலியா இருக்கிற மணிக்குத்தான் பஞ்சம்."

"யார்கிட்டயாவது வாங்கித் தர முடியாதா?"

"வாங்கித் தர்றதா? நான் பங்கீடு பண்றவ, பறிக்கிறவ இல்ல. நீங்களே போய்க் கேளுங்க. யாராவது மனசார விட்டுக் குடுத்தா, சந்தோஷமா மாத்தி எழுதுறேன்." தெங் அக்கா உறிஞ்சுகுழலைத் தேநீரில் குத்தினார். "நம்ம கம்பெனியில யாரும் மனசு இல்லாதவங்க கிடையாது."

அறைக்குத் திரும்பியதும் பெய்-யூன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"என்ன அண்ணே, வரம் கிடைச்சுதா?"

"எல்லாரையும் போய்ப் பாருன்னுட்டாங்க."

"இயக்க அமைப்பே வரம் குடுத்தாலும் நம்ம பூசாரி குடுக்க மாட்டாங்க போல. அந்தத் தேநீரை எனக்கு வாங்கிக் குடுத்திருந்தா நன்றியாவது சொல்லியிருப்பேன்."

முதலில் அவர் போனது அகச்சிவப்புப் பிரிவுக்கு. கம்பி இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் ஒரு லேப்டாப் இன்னொரு லேப்டாப்போடு பேசுவதற்கு முதுகில் கறுப்பாக ஒரு சிறு சன்னல் வைத்திருந்தார்கள் அல்லவா, அதுதான் இவர்கள் வேலை. அந்தச் சன்னல் வழியாக இதுவரை யாரும் எதையும் அனுப்பியதாகத் தகவல் இல்லை. வாங்கியவர்களில் பலர் அதன்மேல் விலைச்சீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். ஆனால் பிரிவில் பதினோரு பேர் இருந்தார்கள், சன்னலோரம் நல்ல இடம், தனித் தேநீர் மேசை. தலைவர் லியாவ் மிங்-தெவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஃபான், உனக்கு இல்லாததா? ஆனா ஒண்ணு யோசி. எங்க மேல இதுவரைக்கும் ஒரு புகார் உண்டா?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"யாரும் அதைப் பயன்படுத்தறதே இல்லயே, அண்ணே."

"அதேதான்!" லியாவ் மேசையைத் தட்டினார். "இந்தக் கட்டடத்துலயே குறை இல்லாம ஓடுற ஒரே பிரிவு இது. உன் கார்டு ஓடும், சூடாகும், அறுந்து போகும், ஆளுங்க திட்டுவாங்க. பயன்படுத்தற பொருளை நம்பி யாராவது மணியைக் குடுப்பாங்களா? நாளைக்கே ஊர்ல எல்லாரும் சன்னலைத் திறந்துகிட்டு நின்னா எங்க மணி எங்கன்னு கேப்பாங்களே, யார் பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு மிங்-தெவைப் பார்த்தார்கள். நிறுத்துவதற்கு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்தது அச்சுப்பொறித் துளைப் பிரிவு, ஏழாம் மணிக்குச் சொந்தக்காரர்கள். இங்கேதான் மிங்-தெவுக்கு உண்மையான நம்பிக்கை. அச்சுப்பொறி மணி அடிப்பதே இல்லை என்பது விஷயம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்று மூளையே போய் விசாரித்துக்கொள்ளும். ஏழாம் மணி பரண்மேல் கிடக்கும் பாத்திரம் மாதிரி சும்மா கிடந்தது. பிரிவின் தலைவர் சுவாங் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவர் எதையும் மறுக்கவில்லை.

"ஆமா தம்பி, அடிக்கிறதில்ல. நான் இந்தக் கம்பெனிக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட அடிச்சதில்ல."

"அப்ப எனக்குக் குடுத்துடலாமே, சார்."

"நீ சின்ன ஆளு, உனக்குப் புரியாது." சுவாங்கின் குரலில் கோபமே இல்லை, நிஜமான இரக்கம்தான் இருந்தது. "மணியை அடிக்கிறவன் வேலைக்காரன். மணியை வச்சுக்கிட்டு அடிக்காம இருக்கிறவன்தான் முதலாளி. நீ கடிகாரப் பிரிவைப் பாரு, நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருக்கான், அவனை யாராவது விருந்துல பெரிய மேசைக்குக் கூப்பிடறாங்களா? என்னைக் கூப்பிடறாங்க. ஏழாம் நம்பரை விட்டுட்டா நாளைக்கு என்னை யார்னு கேப்பாங்க."

வைக்கோல் போரில் படுத்த நாய் கதையை மிங்-தெ சின்ன வயதில் கேட்டிருக்கிறார். அந்த நாய் இவ்வளவு மரியாதையாகப் பேசும் என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மற்ற பிரிவுகளிலும் இதே கதைதான். ஒலிப் பிரிவு கலையின் பெருமையைப் பேசியது. சுட்டிப் பிரிவு அழுதது. கார்டைச் செருகும் துளைக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அதன் கையில் ஒன்பதாம் மணி இருந்தது. அது எதற்கென்று கேட்டால், கார்டு செருகப்பட்டிருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல. அந்தத் தலைவர் பாவம், நல்லவர். "உங்க கார்டு வந்ததும் மொத ஆளா நான்தான் சொல்லுவேன்" என்று மிங்-தெவின் தோளைத் தட்டினார். வருகிறவனுக்குப் போட்ட நாற்காலியில், அவன் வந்துவிட்டான் என்று கத்துகிறவன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

விஷயம் தலைவர் ஷென் காதுக்குப் போனது. ஷென் முன்பு மின்விசிறி விற்றவர், லேப்டாப்பின் உள்விவகாரம் அவருக்குப் புரியாது. அதை ஒப்புக்கொள்கிற நேர்மை அவரிடம் உண்டு. அதனால் வருகிற ஆபத்தும் உண்டு.

"எனக்கு இந்தச் சில்லு கில்லு எல்லாம் விளங்காது. ஆளுங்களை வச்சு நடிச்சுக் காட்டுங்க. நான்தான் மூளை."

அப்படியாக மாநாட்டு அறையில் ஒரு பயிற்சி நடந்தது. விடுதி வரவேற்பு மேசைகளில் வைப்பார்களே, உள்ளங்கையால் தட்டுகிற பித்தளை மணி, அதை வாங்கிவந்து பிரிவுத் தலைவர்கள் முன்னால் ஆளுக்கொன்று வைத்தார் தெங் அக்கா. சுவாங் தன்னுடையதைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். லியாவ் மேலே சிவப்புத் துணி போர்த்தினார். கடிகாரப் பிரிவுக்காரர் விடாமல் தட்டி 'நேரம் ஆகுது, நேரம் ஆகுது' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வேலை அதுதான். ஷென் ஒவ்வொரு தட்டுக்கும் தலையைத் தூக்கி 'சரி' என்று சொன்னார். சீக்கிரத்திலேயே அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

மிங்-தெ கார்டாக நடிக்க வேண்டும். கதவுக்கு வெளியே நின்றார். வெளியுலகத்துச் செய்தியை உள்ளே கொண்டுவருவதுதானே நெட்வொர்க் கார்டின் வேலை, என்ன செய்தி கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெய்-யூன் படியேறி ஓடிவந்தாள்.

"அண்ணே! அந்த ஜெர்மன்காரர் ராடெமாகர் கீழே வந்து உட்கார்ந்திருக்கார்! அடுத்த வாரம் வர்றதா இருந்தவர், விமானம் மாத்தி இன்னிக்கே வந்துட்டார். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முழுக்க லேப்டாப் வேணுமாம், நெட்வொர்க்கோட. தலைவர் இப்பவே வந்தா பேசுவாராம், இல்லன்னா எதிர்க் கட்டடத்துக்குப் போயிடுவாராம்!"

மிங்-தெ உள்ளே பாய்ந்தார். கார்டுத் துளைப் பிரிவுக்காரர் உடனே ஒன்பதாம் மணியைத் தட்டினார்.

"தலைவரே, கார்டு வந்திருக்கு."

"சந்தோஷம். என்ன சொல்லணுமாம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வந்திருக்குன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது."

"சரி, கார்டையே சொல்லச் சொல்லு."

"அதுக்கு மணி இல்லீங்களே."

"உன் மணியைக் குடேன்."

"இது வந்ததைச் சொல்ற மணிங்க. வந்தவர் சொல்றதைச் சொல்ற மணி இல்லீங்க."

"தலைவரே, கீழே ஜெர்மன்காரர் வந்து..." என்று மிங்-தெ வாயைத் திறந்தார்.

"உஷ்!" தெங் அக்கா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். "மணி இல்லாம பேசினா மூளை நின்னுடும்!"

ஷென் கடமை தவறாதவர். உடனே வாயைப் பிளந்து, கண்ணை அசைக்காமல், நின்றுபோன மூளையாகவே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மிங்-தெ கையால் சன்னலைக் காட்டினார், ஜெர்மனி என்று புரியட்டுமென்று பந்தை உதைப்பதுபோலக் காட்டினார், தொப்பி போட்ட உயரமான ஒரு ஆளை நடித்துக் காட்டினார். "கார்டு ரொம்ப நல்லா நடிக்குது" என்று லியாவ் பாராட்டினார். கீழே ஒரு டாக்சி வந்து நின்றது. ஷின்ஜூ காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு உயரமான ஆள் அதில் ஏறுவது மாநாட்டு அறை சன்னலிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

பயிற்சி முடிந்ததும் தெங் அக்கா அறிக்கை வாசித்தார். "இன்னிக்கு ஒரு மோதல்கூட நடக்கல. ஒரு மணியை ரெண்டு பேர் அடிக்கல. நம்ம பங்கீட்டு முறை உலகத் தரத்துக்கு மேல இருக்கு."

ஜெர்மன்காரர் விவகாரம் தெரிந்ததும் ஷென் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். யார் தப்பு என்று கேட்டார். எல்லோரும் யோசித்தார்கள். கடிகாரம் நேரத்தைச் சொல்லியிருக்கிறது. துளை, வந்ததைச் சொல்லியிருக்கிறது. மூளை விதிப்படி நின்றிருக்கிறது. செய்தியைச் சொல்லாமல் இருந்தது யார் என்று பார்த்தால், நெட்வொர்க் கார்டு ஒன்றுதான்.

"அண்ணே, அடுத்த வேலையைத் தேட ஆரம்பிச்சுடலாமா?" என்றாள் பெய்-யூன். கிண்டலாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவளுக்கும் அந்த கார்டின்மேல் அவ்வளவு ஆசை. மிங்-தெவுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வருஷக் கடைசி விருந்து வந்தது. அன்று காலை தொழிற்சாலை வாசலில் மண்தேவருக்குப் படையல் வைத்து, காகிதக் காசு எரித்து, எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். மாலையில் ஊரின் பெரிய உணவகத்தில் பந்தி. மிங்-தெவையும் பெரிய மேசைக்குக் கூப்பிட்டார்கள். வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, சுற்றிலும் பிரிவுத் தலைவர்கள். அந்தத் தட்டின்மேல் முழுக்கோழி ஒன்று, தலையோடு வந்து அமர்ந்தது.

வருஷக் கடைசி விருந்தில் கோழித் தலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குக் கம்பெனியில் வேலை முடிந்தது என்பது அந்தக் காலத்து வழக்கம். முதலாளி வாயைத் திறக்க வேண்டாம், கோழி சொல்லிவிடும். இப்போதெல்லாம் நாகரிகம் வந்துவிட்டதால் தலையை இறக்கைக்கடியில் ஒளித்து வைத்துவிடுவார்கள். அன்று அதை நன்றாக நீட்டி வைத்திருந்தார்கள். ஷென் கோப்பையோடு எழுந்தார்.

"ஒரு மணி காலி ஆகணும். யாரும் விட்டுக்குடுக்க மாட்டேங்கிறீங்க. நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன், நான் ஜனநாயகவாதி. கோழி யாரைப் பாக்குதோ அவர் தன் மணியைக் குடுத்துடட்டும்."

தட்டைச் சுற்றிவிட்டார். கோழி ஒரு சுற்று சுற்றி லியாவைப் பார்த்து நின்றது. லியாவ் சட்டென்று, "அந்த மி-ஃபென் அரிசிச் சேமியா இந்தப் பக்கம் வரட்டும்" என்று தட்டைத் தள்ளினார். கோழி சுவாங்கிடம் வந்தது. சுவாங்குக்குத் திடீரென்று மீன்மேல் ஆசை வந்தது. சுட்டிப் பிரிவு சூப் கேட்டது. ஒலிப் பிரிவு ஊறுகாய் கேட்டது. கோழி ராட்டினம்போலச் சுற்றியது. யாரும் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை. சூப் ஆறிப்போனது, மீன் கண்ணை மூடாமல் எல்லோரையும் பார்த்தது. கடிகாரப் பிரிவுக்காரர் அடுத்த மேசையிலிருந்து 'நேரம் ஆகுது' என்றார்.

தட்டை எப்படித் தள்ளுவதென்று மிங்-தெவுக்குத் தெரியும். ஆனால் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் கார்டுத் துளைப் பிரிவு நல்லவரிடம் போய் நிற்கும். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். மிங்-தெ கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கோழி அவரிடம் வந்தது. நின்றது. ஊருக்கு இளைத்தவன் யாரென்று கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

"ஃபான், உன் மணியைக் குடு" என்றார் ஷென்.

"எங்கிட்டத்தான் மணியே இல்லையே, தலைவரே. அதைக் கேட்டுத்தானே இவ்வளவு நாளா..."

ஷென் குழம்பிப்போய் தெங் அக்காவைப் பார்த்தார். சுவாங்தான் வழி சொன்னார், அதே பழைய இரக்கத்தோடு.

"மணி இல்லாதவன் பாவம், வேற எதைக் குடுப்பான்? நாற்காலியைத்தான் குடுக்கணும்."

நல்ல யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தார்கள், நன்றாகவே சாப்பிட்டார்கள்.

புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் மிங்-தெ அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வளப் பங்கீட்டு அலுவலகத்துக்குப் போனார். ஆட்களும் வளம்தான் என்பதால் அதையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். மேசைமேல் புது லேப்டாப் ஒன்று திறந்திருந்தது. தெங் அக்கா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மிங்-தெ சட்டைப் பையிலிருந்த கார்டை எடுத்துச் செருகினார். ஏன் செருகினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, இரண்டு வருஷத்துப் பழக்கம்.

டிங், டிங்.

எடுத்து மறுபடி செருகினார். மறுபடியும் அதே இரண்டு டிங். திரையில், 'புதிய சாதனம் தயார். பத்தாம் மணி ஒதுக்கப்பட்டது.' அந்த நிமிஷம் அவர் சந்தோஷப்பட்டார் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை, அசட்டுத்தனமாக, இன்னும் பிரிவின் தலைவராகவே இருப்பவர்போலச் சந்தோஷப்பட்டார்.

"அக்கா! இது ஓடுது! பத்தாம் மணி எங்கேர்ந்து வந்துது?"

"பத்தா?" தெங் அக்கா தலையைத் தூக்கினார். "அது எப்பவும் இருந்ததுதானே. கார்டுப் பிரிவு ஆரம்பிச்ச அன்னிக்கே உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சுட்டோம்."

"எங்களுக்குன்னா? அப்ப ஏன் எங்களுக்குக் குடுக்கல?"

"என்ன தம்பி இது, ஒதுக்கினதை எப்படிக் குடுக்கறது? காலியா இருக்கிறதைத்தானே குடுக்க முடியும். நேத்து உங்க பிரிவை மூடினோம், ஒதுக்கீடு ரத்தாச்சு, மணி காலியாச்சு. காலையில புது அட்டவணை ஏத்தினேன். இப்ப யார் வேணா எடுத்துக்கலாம்."

மிங்-தெ கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே காற்று சன்னலைப் பிடித்து உலுக்கியது.

"அப்ப நாளைக்கே கார்டுப் பிரிவைத் திரும்ப ஆரம்பிச்சா?"

தெங் அக்காவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நாளில் யாரும் தன் வேலையைப் பற்றி இப்படி அக்கறையாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கவலையே படாதீங்க தம்பி. ஆரம்பிச்ச அந்த நிமிஷமே பத்தாம் மணியை உங்களுக்குன்னு ஒதுக்கிடுவேன். வேற ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."